ரேஷன் கார்டு கொடுத்த கை

நான் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மகள் பிளஸ் டூ தேறியதும், தனியார் கல்லூரியில் நர்ஸிங் சீட் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் வீடு தேடி வந்தான். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டான். அட்வான்ஸ் வாங்கினால் கம்பெனியில் ரேஷன் கார்டைக் கொடுத்துவைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மாதமே அரசுக் கல்லூரி கவுன்சிலிங் கடிதம் வந்தது. ஒரிஜினல் இல்லாமல் போனால் சீட் கிடையாது. எஸ்.டி.டி. பூத் மாடியில் இருந்த அவன் ஆபீசுக்கு ஓடினேன்.

"ஒரு வருச பீஸைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான், பல்லைக் குத்திக்கொண்டே.

மறுநாள் வேலை விட்டதும், என்னோடு வேனில் வரும் பெண்கள் அத்தனை பேரும் வெடிமருந்து அப்பிய கையோடு அங்கே போய் உட்கார்ந்தோம். சீட் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், "ஒரிஜினலைக் குடுத்துராதீக, திருப்பித் தரமாட்டான்" என்றோம். மூன்றாவது குடும்பம் படியிறங்கியதும் மார்க் ஷீட்டை விட்டெறிந்தான் அந்தத் திருட்டுப்பயல்.

மகளுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. இப்போதெல்லாம் ரிசல்ட் அன்று லீவு போட்டு, தெருவில் வீடு வீடாகப் போய், "யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க" என்று சொல்கிறேன்.

கம்பெனியில் கிடந்த என் ரேஷன் கார்டையும் கேட்டு வாங்கிவிட்டேன். போர்மேன் முறைத்தார். நானும் முறைத்தேன்.