புளி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பாய்

இமயமலையில் பனிக்குள் கூடாரம் அடித்துத் தங்கும் நடைப்பயணத்துக்கு நானும் அக்காவும் பேர் கொடுத்திருந்தோம். கூட்டிப் போகிறவர்கள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: படுக்கிற பாயை நீங்களே கொண்டுவர வேண்டும், நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். பாயில் என்ன நல்லது கெட்டது இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு முழங்கால் வலி உண்டு. முதுகில் எவ்வளவு குறைவாக ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது என்று, காற்றடித்துப் படுக்கிற பாய்களிலேயே மிக லேசானதை வாங்கிவிட்டேன். சுருட்டினால் தண்ணீர் பாட்டிலைவிடச் சின்னது.

அக்காவுக்குச் சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம். போனில் சிரித்தாள்.

"ஏங்கண்ணு, ஊட்டுல கெட்டிப் போர்வை மலையாட்டக் கெடக்குது. மடிச்சுப் போட்டுப் படுத்தாப் போச்சு. காத்தடிக்கிற பாய்க்கு எதுக்கு அலையற?"

"அத்தனையையும் முதுகுல தூக்கிட்டு ஏறுவீங்களாக்கா?"

என்னோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி அந்த மலைகளுக்குப் போய் வந்தவள். என் பாயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் காற்றுப் பாய்தான். ஆனால் குளிர் ஏறாமல் இருக்க உள்ளே வெள்ளித் தாள் போல ஏதோ வைத்திருந்தது. கொஞ்சம் கனம் கூட. புரண்டால் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குகிற சத்தம். துடியலூரில் என் வீட்டில், ஃபேனுக்கு அடியில் இரண்டையும் விரித்து மாறி மாறிப் படுத்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"அங்க படுத்தா எப்படித் தெரியும்? மாமா கோல்டு ஸ்டோரேஜுக்கு வா" என்றாள் அக்கா.

மாமா அக்காவின் வீட்டுக்காரர். ஈரோட்டுக்கு வெளியே புளி, மிளகாய் மூட்டைகளை வைக்கிற குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். "ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லீங்களா?" என்று சிரித்துக்கொண்டே புளி அறையைத் திறந்துவிட்டார். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, போன் வர, பேசிக்கொண்டே போய்விட்டார்.

மூட்டைகளுக்கு நடுவே இருந்த இடத்தில் நான் என் லேசான பாயை விரித்தேன். அக்கா போர்வைகளை மடித்துப் போட்டாள். மலைக்கென்று வாங்கிய, பஞ்சு வைத்துத் தைத்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருவரும் நுழைந்து படுத்தோம். முதலில் சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு அடியில் ஏதோ நனைந்துவிட்டது போலிருந்தது. கை வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. குளிர். மேலே வெதுவெதுப்பாக இருக்க, கீழே ஈரக் கல்லில் படுத்தாற்போல இருந்தது. என் பாரத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. பாய்க்குள் இருந்தது வெறும் காற்று, அதுவும் தரையோடு சேர்ந்து குளிர்ந்துவிட்டது. இதை நம்பியா பனிமேல் படுக்கப் போயிருப்பேன்?

"எனக்கும் கீழிருந்து ஏறுது அம்மணி" என்றாள் அக்கா.

அப்போதுதான் கதவு நகரும் சத்தம் கேட்டது. தடால் என்று மூடியது. வெளியே பூட்டு மாட்டினார்கள். விளக்கு அணைந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குளிரூட்டும் விசிறிகளின் இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. போன் வெளிச்சத்தில் கதவுக்குப் போனேன். உள்ளே ஒரு கைப்பிடி இருந்தது, பிடித்துத் திருகினால் சும்மா சுற்றியது. கதவைத் தட்டினேன். தெர்மோகோல் வைத்த தடிமனான கதவு, மெத்தையைக் குத்துவது போல இருந்தது. சிக்னல் சுத்தமாக இல்லை. அக்காவின் கையைப் பிடித்து மூட்டைகளுக்கு நடுவே கூட்டி வந்தேன்.

வேலையிடத்துச் சிநேகிதி கொடுத்த பாயையும் கொண்டுவந்திருந்தேன், அதை விரித்து இருவரும் ஒட்டி உட்கார்ந்தோம். ஸ்லீப்பிங் பேக்குகளைத் தோளில் சுற்றிக்கொண்டோம். அடியிலிருந்து குளிர் வரவே இல்லை. அந்த நிலைமையிலும் அது எனக்குத் தெரிந்தது. இதைக் கவனிக்கிற நேரமா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

"உங்க மாமா மறந்துபோட்டாரு" என்றாள் அக்கா.

"மாமாவா? வேலையாளுங்க யாராச்சும் பூட்டியிருப்பாங்கக்கா."

"இல்ல கண்ணு. கல்யாணமான புதுசுல என்னைக் கோயில்ல உட்டுப்போட்டு வண்டிய எடுத்துட்டு ஊடு வந்து சேந்தவரு. யாருகிட்டயும் சொன்னதில்ல."

ஊரே மெச்சுகிற ஜோடி அவர்கள். பூட்டிய கதவைவிட அவள் அதைச் சொன்ன விதம்தான் என்னை அதிரவைத்தது. அழாமல், வெறும் செய்தி போலச் சொன்னாள்.

லாரி ஒன்று லோடு ஏற்ற வந்ததால் கதவு திறந்தது. வெளிச்சத்தில் வேலையாள் ஒருவர் எங்களைப் பார்த்து, "ஐயோ!" என்று பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் மாமா.

"நான்தான்... கதவு தொறந்து கெடக்குதேன்னு நானேதான் பூட்டுனேன்" என்றார். போன் இன்னும் கையில் இருந்தது. அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அவரைத் தாண்டிப் போய் வெயிலில் நின்றாள். அங்கிருந்தே திரும்பி, "ஏனுங்க, மொதல்ல அந்தக் கைப்பிடிய மாத்துங்க. உள்ள வேலை செய்யறவங்க மாட்டுனா என்ன ஆகுறது?" என்றாள். பிறகு என்னிடம், "அந்தச் சத்தம் போடற பாயே ரெண்டு வாங்கிப்போடு" என்றாள்.

கைப்பிடியை மறுநாளே மாற்றிவிட்டார்கள். நானும் இரண்டு பாய் வாங்கினேன். ஈரோடு ஜங்ஷனுக்கு மாமா வழியனுப்ப வந்தார். எங்கள் பைகளைத் தானே தூக்கிவைத்தார்.

மலையில் முதல் நாள் சாயங்காலம் கூடாரத்துக்குள் படுத்துப் பார்த்தோம். முதுகு கதகதப்பாக இருந்தது. பாய்க்கு வெளியே தரையில் உள்ளங்கையை வைத்தேன், விரல்கள் மரத்துப்போயின. இடையில் இருந்தது இத்தனூண்டு பாய். நம்பவே முடியவில்லை.

"இங்க டவரே இல்லீங்களேக்கா, மாமா பயந்துக்குவாரு" என்றேன்.

அக்கா ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.

"பயப்படட்டும்" என்றாள்.