முதலாம் இடத்து ஸமட்

அப்துல் ஸமட் பொறாமைக்காரர் இல்லை. அதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். எதிர்க்கடைக்காரர் இரண்டாவது போட்டோக்கொப்பி மெஷின் இறக்கியபோது ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். கேட்டவர்களிடம் கழுத்துப் பிடிப்பு என்றார். ஆனால் கோழிக்குஞ்சு விளையாட்டு விஷயத்தில் அவருக்கு வந்ததைக் கழுத்துப் பிடிப்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

கல்முனைக்குடியில் அவருக்கு ஒரு கொமினிகேஷன் கடை. போன், போட்டோக்கொப்பி, இன்டர்நெட்டுக்கு நான்கு கம்பியூட்டர். கடற்கரை வீதியில் இருந்த முதல் கடையைச் சுனாமி கொண்டுபோயிற்று. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த வீடும் அதே காலையில் போயிற்று. அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போக வேண்டும். மகளுக்கு வீடு கட்டாமல் கல்யாணப் பேச்சையே எடுக்க முடியாது. ஸமட்டும் மனைவி றாஹிலாவும் இரண்டு வருடம் தகரக் கொட்டிலில் வெந்து, பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டுக்கு வந்தார்கள்.

றாஹிலாவின் தங்கை பஸ்லியா வீடில்லாமல் ஐந்து வருடம் கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். யுத்தம் முடிந்து, வீதித் தடைகள் எடுபட்டு, சீமெந்து தாராளமாக வரத் தொடங்கியதும் மாமனார் அவளுக்கும் ஒரு வீடு கட்டினார். தரை முழுக்க டைல்ஸ். சமைக்கிற குசினிக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். இரண்டாயிரத்துப் பத்தில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் பஸால். நிந்தவூர்ப் பொடியன், கட்டாரில் வேலை செய்துவிட்டு ஒரு லெப்டொப்போடு வந்தவன்.

புது மாப்பிள்ளைக்கு நாற்பது நாள் விருந்துச் சாப்பாடு. மாமி ஸைனம்பு காலையில் ஆட்டிறைச்சி, பகலில் இறால், இரவில் இனிப்புக்கு வட்டிலப்பம் என்று வரிசை கட்டினார். மூத்த மகள் றாஹிலா தினமும் அங்கே போய் உம்மாவுக்குக் கைகொடுத்தாள். மூத்த மருமகன் ஸமட்டுக்கு அவள் வீட்டில் மூடி வைத்துவிட்டுப் போனது மலிவான சூடை மீனில் வைத்த ஆணமும் சோறும். அவர் சோற்றை வழமையைவிட அழுத்திப் பிசைந்தார்.

அவருக்கென்று ஒன்று இருந்தது. அதுதான் கோழிக்குஞ்சு. இணையத்தில் ஒரு மஞ்சள் குஞ்சு, அதற்கு ஒரேயொரு பொத்தான். அமத்தினால் குஞ்சு பாய்ந்து மேலேயுள்ள பலகையில் நிற்கும். பலகைகள் அசையும், சில கால் பட்டதும் உடையும். ஒருமுறை தவறினால் குஞ்சு அடியில் கிடக்கும், முதலாம் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். நூறு பலகை ஏறுவதற்குள் ஐந்து நேரம் தொழுகிறவருக்கும் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும். ஸமட் ஆளில்லாத மத்தியானங்களில் விளையாடி விளையாடி அறுநூற்றுப் பன்னிரண்டு பலகை ஏறியிருந்தார். அந்தத் தளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு. இலங்கைப் பட்டியலில் எட்டு மாதமாக முதலாம் பெயர் அவருடையது. கடலுக்குப் போன எதையும் அவரால் திருப்பி எடுக்க முடியவில்லை. இந்த இடம் ஒன்றுதான் யாரும் கொடுக்காமல், யாருடைய சீதனமும் இல்லாமல் அவர் தானாகப் பிடித்தது.

“காக்கா, எனக்கும் அதுல ஒரு எக்கவுண்ட் தொறந்து தாங்களன். பாஸ்வேர்டும் நீங்களே ஒண்டு போடுங்க” என்று பஸால் அண்ணன் முறை வைத்துக் கேட்டபோது திறந்து கொடுத்தவரும் ஸமட்தான். சகலன் நூறைத் தாண்ட மாட்டான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

வெள்ளி பூட்டிக் கிடந்த கடையை ஒரு சனிக்கிழமை காலை திறந்து, பட்டியலைப் பார்த்தார். முதலாம் இடத்தில் பஸால். எழுநூற்று நாற்பது.

ஸமட்டுக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, ஒரு சோடா வாங்கிக் குடித்தும் அடங்கவில்லை. டைல்ஸ் வீடு அவனுக்கு. இறால் அவனுக்கு. வந்த கையோடு இதுவும் அவனுக்கா? பதினொரு மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு பஸாலின் பெயரைத் தட்டி, தான் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையும் தட்டி உள்ளே போனார். கணக்கை அழிக்கட்டுமா என்று தளம் கேட்டது. நிச்சயமாகவா என்று இன்னொரு முறையும் கேட்டது. இரண்டு முறையும் ஓம் என்றார். பட்டியலில் அவருடைய பெயர் ஒரு படி மேலே ஏறியது. வயிறும் குளிர்ந்தது.

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு றாஹிலா பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் அப்படி வந்ததில்லை. கம்பியூட்டரைத் தொட்டுப் பார் என்று ஸமட் அவளிடம் சொன்னதும் இல்லை.

“இஞ்சருங்க, அந்தக் கோழிக்குஞ்சு வெளயாட்டுல பேரெல்லாம் வரிசயா வருமாமே. ஒருக்காக் காட்டுங்களன்.”

“உனக்கென்னத்துக்கு அது?”

றாஹிலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “வியாழக்கிழம நீங்களும் பஸாலும் நிந்தவூர் விருந்துக்குப் போனீங்கதானே. அண்டைக்கும் தங்கச்சி லெப்டொப்பத் தொறந்து தந்தாள். பஸால்ட பேர்லதான் கெடந்திச்சி. அதுக்கு முந்தியே சமைக்கப் போற நேரமெல்லாம் தட்டித் தட்டிப் பழகித்தன். அண்டைக்கு எழுநூத்தி நாப்பது ஏறிட்டன். இறைச்சி அடிப்பிடிச்சிட்டெண்டு உம்மா ஏசின ஏச்சு! ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. மொதல்ல உங்களுக்குத்தான் காட்டணுமெண்டு வெச்சிரிந்தன்.”

வெட்கம்தான் ஸமட்டுக்கு முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது அதுவல்ல. அறுநூறுக்கு மேலே வரிசையாக உடைந்து தன்னை எப்போதும் விழுத்தும் மூன்று பலகையையும் இவள் எப்படித் தாண்டினாள் என்றுதான் நெஞ்சு கேட்டது. வெட்கம் அதற்குப் பின்னால் வந்தது.

திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் விரல் வைத்து மேலிருந்து கீழாகத் தேடினாள்.

“காணல்லயே.”

“சைட்டுல ஏதோ பிழையாக்கும்.”

“சரி, போனாப் போகட்டும்.” விரல் மறுபடி மேலே போய் நின்றது. “இது உங்கட பேர்தானே? முழு இலங்கைக்கும் நீங்களா மொதலாவது? அல்ஹம்துலில்லாஹ்! ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லல்ல?”

அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. ஸமட் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தார். ஒரு பிடி எடுத்து, திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தார்.

“பிழையொண்டுமில்ல, றாஹிலா. நான்தான் அழிச்சன்.”

“எத?”

“அந்த எழுநூத்தி நாப்பத. பஸால் எண்டு நெனச்சி.”

அவள் கோபப்பட்டிருந்தால் ஸமட் திருப்பி ஒரு சத்தம் போட்டுத் தப்பியிருப்பார். அவள் கோபப்படவில்லை.

“நான் எண்டு தெரிஞ்சிரிந்தா அழிச்சிரிக்க மாட்டீங்கதானே?”

மாட்டேன் என்று சொல்ல ஸமட் வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அவருக்கு அந்த நேரம் போதவில்லை. றாஹிலா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்து முடிந்ததும் கதிரையைத் தன் பக்கம் இழுத்து உட்கார்ந்து, விசைப்பலகையைக் கிட்ட எடுத்தாள்.

“சாப்பிடுங்க, ஆறுது” என்றாள். “நான் உங்கட பேர்லயே வெளயாடுறன். அத அழிக்க மாட்டீங்க.”