அதட்டுவதற்கு ஒரு மொழி

நெதர்லாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில், மளிகைக் கடையின் நட்டநடுவில் என் மகன் மல்லாந்து படுத்துவிட்டான். நான் உரித்துக் கொடுத்த வாழைப்பழம் பாதியில் ஒடிந்துவிட்டது. அதை ஒட்டித் தர வேண்டுமாம். வேறு பழம் தருகிறேன் என்றேன். வேறு பழம் வேண்டாம், இதே பழம், ஒடியாமல் வேண்டும். அவனுக்கு அப்போது மூன்றரை வயது. அவனுடைய அக்காவுக்கு ஆறு. அவள் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் இருவரையும் இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுபோல் ரொட்டி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் பிள்ளையைப் பொது இடத்தில் சத்தம் போட முடியாது. குரல் கொஞ்சம் உயர்ந்தால் கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். முகத்தில் சிரிப்பு மாறாமல், தொட்டிலாட்டுகிற குரலில், எங்கள் தென்காசித் தமிழில் திட்டுவது.

"எந்திலே ராசா. இப்ப எந்திக்கியா, இல்ல முதுகுத் தோல உரிக்கட்டுமா? ஒன்ன இங்கனயே போட்டுட்டு நான் போயிட்டே இருப்பேன், பாத்துக்கோ."

பக்கத்தில் முட்டை எடுத்துக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்கார அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எவ்வளவு பொறுமையான அப்பா! என்ன மொழி இது? பாட்டு மாதிரி இருக்கிறதே" என்றார். நன்றி சொன்னேன். ஆனால் காசு கட்டும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இலங்கைக்காரர் ஒருவர் மெல்லக் குனிந்து, "தம்பி, எனக்கு எல்லாம் விளங்கினது" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

என் மனைவிக்கு அங்கே ஆய்வகத்தில் வேலை. காலையில் ஏழு மணி ரயிலுக்குப் போய்விடுவாள். நான் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறேன் என்று பெயர். பிள்ளைகளைக் கிளப்பி, பள்ளியில் விட்டு, அழைத்து வந்து, ஊட்டி, குளிப்பாட்டுவது என் பங்கு. அங்கே வருஷத்தில் பாதி மழை. முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில்தான் போக வேண்டும். இரண்டு பேருக்கும் மழைக்கால்சட்டை, மழைச்சட்டை, கையுறை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக் கதவைத் திறக்கும் நேரத்தில் மகன், "ஒண்ணுக்கு வருது" என்பான். மறுபடி எல்லாவற்றையும் உரிக்க வேண்டும். அவனுக்கு முடித்து மாட்டுவதற்குள் மகளுக்குப் புழுக்கமாகி அவள் தன்னுடையதைக் கழற்றியிருப்பாள்.

இந்த மாதிரி நேரங்களில் எனக்குத் தமிழ்தான் வரும். கொஞ்சுவதும் தமிழில்தான். ஆனால் கொஞ்சல் மெதுவாகச் சொல்வது, அதட்டல் உரக்கச் சொல்வது. எது பிள்ளைகள் காதில் தங்கும் என்று நான் யோசித்ததே இல்லை. பள்ளியில் அவர்களுக்கு டச்சு, தங்களுக்குள் பேசிக்கொள்வதும் டச்சு. இருந்தாலும் தென்காசியில் இருக்கும் என் அக்காவிடம் போனில், "தமிழ் நல்லாப் பேசுதுங்க, அக்கா" என்று பெருமையடித்து வைத்திருந்தேன்.

போன கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தோம். மனைவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் இரண்டு பிள்ளைகளோடு விமானத்தில் வந்த கதையை எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. தென்காசியில் சாரல் பருவம். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

அக்காவின் கணவர், என் அத்தான், சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் நடந்தால் பைக் ஓட்டுகிற பையன்கள் தானாக வேகத்தைக் குறைப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா அவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வந்த மறுநாள் காலை, அத்தான் டீப்பாய்மேல் இரண்டு காலையும் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து அவர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"கால எடு. எத்தன தடவ சொல்லுதது? சொன்னா கேக்கணும்."

அடுப்படியில் அக்காவின் கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அத்தான் பேப்பரைத் தாழ்த்தினார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒரு காலை எடுத்தார்.

"இன்னொண்ணு" என்றாள்.

அதையும் எடுத்தார். அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, எனக்குத் தெரிந்த மட்டில் உலகத்திலேயே அன்பான சிரிப்பு ஒன்றைச் சிரித்து, அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏலே, பிள்ளைக்கு இதையா சொல்லிக் குடுத்திருக்க?" என்று அக்கா அடிக்குரலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

மகளைத் தனியாக அழைத்துப்போய், மாமாவிடம் அப்படிப் பேசலாமா என்று டச்சில் கேட்டேன். அவளுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. "மாமாகிட்ட தமிழ்ல பேசணும்னு நீதானே சொன்னே? அதுதானே தமிழ்?" என்றாள், டச்சிலேயே.

எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு ஆசை ஆசையாகப் பேச வேண்டும். கையில் இருந்ததெல்லாம் நான் கொடுத்த அதட்டல்தான். அதையே எடுத்து அன்பாகக் கொடுத்திருக்கிறாள். அன்று முதல் அக்கா வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளைகளுக்கு முந்தி நான் வாசலுக்குப் போகப் பார்த்தேன். எதிர்த்த வீட்டம்மா பூ கொண்டுவந்தார், என் மகன் ஓடிப்போய், "செருப்பக் கழட்டு. வெரசா உள்ள வா. நேரமாவுது" என்று வரவேற்றான். அவர் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, "எதுக்கு நேரமாவுது?" என்று என்னைக் கேட்டார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நெதர்லாந்தில் தமிழ் எனக்குத் திரை மாதிரி. அதற்குப் பின்னாலிருந்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கே அந்தத் திரை பிள்ளைகளிடம் போய்விட்டது. எல்லார் முன்னாலும் டச்சில் என்ன வேண்டுமானாலும் சொன்னார்கள், மொழிபெயர்க்க வேண்டியவன் நான். அக்கா ஆசையாக ஆப்பம் சுட்டு வைத்தாள். மகன் அதை விரலால் தூக்கிப் பார்த்து, ஈரத் துணி மாதிரி இருக்கிறது என்றான்.

"என்ன சொல்லுதான்?" என்றாள் அக்கா.

"மெத்து மெத்துன்னு இருக்காம்."

அக்கா முகம் மலர்ந்து இன்னும் இரண்டு ஆப்பத்தை அவன் தட்டில் வைத்தாள். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

ஒருநாள் மத்தியானம் கழிப்பறையிலிருந்து அவன் "க்ளார்! க்ளார்!" என்று கத்திக்கொண்டிருந்தான். நெதர்லாந்துப் பிள்ளைகள் அப்படித்தான், வேலை முடிந்தது, வந்து கழுவிவிடு என்பதற்கு அந்த ஒரு சொல். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. அக்கா ரொம்ப நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு மாடிப்படியில் பாதி ஏறி வந்தாள். அவள் முகம் சரியாக இல்லை.

"தம்பி, யாருடே அது கிளாரா? பிள்ள அவளையே கூப்பிட்டு அழுதான். ஒம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

விளக்கி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குள் பையன் ஒன்றரைப் பக்கெட் தண்ணீரைத் தானே ஊற்றிக் காரியத்தை முடித்திருந்தான், கழிப்பறை முழுவதும்.

அந்த வாரக் கடைசியில் அத்தான் எங்களை ஐந்தருவிக்கு அழைத்துப்போனார். என் பிள்ளைகளுக்கு நீரென்றால் நீச்சல்குளம்தான். நீச்சல் கண்ணாடி, கையில் மாட்டுகிற காற்றுப்பை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மகன் வண்டியிலிருந்து இறங்கும்போதே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற ஆட்கள் வழிவிட்டு அவனைப் பார்த்தார்கள். மகள் தூரத்திலிருந்து அருவியைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி டச்சில் கேட்டாள்.

"அப்பா, தண்ணிக்குள்ள இறங்குறதுக்கு முந்தி எங்க குளிக்கணும்?"

நெதர்லாந்தில் நீச்சல்குளத்தில் இறங்குமுன் ஷவரில் குளிக்க வேண்டும் என்பது சட்டம். அருவியைக் காட்டி, "அதுலதான்" என்றேன்.

"அது ஷவர்னா, குளம் எங்க?"

அவளை அக்காவோடு பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டேன். நானும் மகனும் அத்தானும் ஆண்கள் பக்கம் போனோம். நல்ல கூட்டம். அருவியில் ஒரு பழக்கம் உண்டு, அடியில் போய் நின்றவன் லேசில் வெளியே வர மாட்டான். தண்ணீர் தலையில் அறைய அறைய உலகமே மறந்துவிடும். ஓரத்தில் நின்ற இளம் போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். அருவிச் சத்தத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தானும் உள்ளே புகுந்தார். புகுந்தவர் வரவில்லை.

நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்து நின்றேன். பக்கத்தில் ஐம்பது பேராவது எங்களைப் போலக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் குளிரில் பல் கிட்டியது. மாமாவைக் காணோம் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. சட்டென்று என் தோளில் கைகளை ஊன்றி நிமிர்ந்து, காற்றுப்பை மாட்டிய ஒரு கையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"போதும்! வெளிய வாலே! அடுத்த ஆளு நிக்குல்லா! தண்ணி தீந்துரும்!"

எங்கள் வீட்டுக் குளியலறையில் தினமும் நான் அவன் அக்காவைப் பார்த்துப் போடும் சத்தம் அது. அங்கே தொட்டியில் இருக்கும் சுடுதண்ணீர் உண்மையிலேயே தீர்ந்துவிடும்.

காத்து நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது. அருவிக்கடியில் முன்வரிசையில் நின்ற, மேலெல்லாம் எண்ணெய் வழிகிற பெரிய ஆள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கண்ணாடியும் காற்றுப்பையுமாக ஒரு சின்னப் பயல் தன்னைக் கண்டிப்பதைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வந்துட்டேன் அண்ணாச்சி. கோவப்படாதிய."

அவர் வெளியே வந்தார். அவர் பின்னால் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். போலீஸ்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யாரு பிள்ள சார் இது? காலைலேருந்து விசிலடிக்கேன், ஒருத்தனும் நகர மாட்டேங்கான்" என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அத்தான் வந்தார். "நம்ம பிள்ளதான்" என்றார். பணியில் இருந்தபோதுகூட அவர் நெஞ்சை அவ்வளவு நிமிர்த்தியிருக்க மாட்டார்.

அத்தானே அவனை வாங்கி அருவிக்குள் கொண்டுபோனார். முதல் அடி விழுந்ததும் வீல் என்று கத்தினான். காற்றுப்பை ஒன்று எங்கோ போய்விட்டது. அடுத்த நிமிஷம் சிரிக்கத் தொடங்கினான். அப்புறம் அவனை வெளியே எடுக்க முடியவில்லை. "போதும், வெளிய வாலே" என்று நான் கூப்பிட, எனக்குப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் சேர்ந்துகொண்டு, "தண்ணி தீந்துரும்லே!" என்று ராகம் போட்டார்கள். அவன் கேட்கவில்லை.

வெளியே வந்து மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். மகள் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடித்தாள். நெதர்லாந்தில் வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தவிர வேறெதையும் தொடாத பையன் ஒரு மங்குஸ்தானை முழுசாகத் தின்றான். ஈரத் தலையோடு இரண்டும் வண்டியில் என் மேல் சாய்ந்து தூங்கின. பிள்ளைகளுக்குச் சளி பிடிக்குமே என்று நான் கவலைப்படாத முதல் நாள் அதுதான்.

அதன்பிறகு எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. எதிர்த்த வீட்டில் என் மகள் வயதில் ஒரு பெண் இருந்தாள். அவளிடம் ஒரு சின்ன சைக்கிளும் இருந்தது. காலையில் தெருவுக்குப் போனால் பிள்ளைகள் சாப்பிடத்தான் வருவார்கள். பல வருஷத்துக்குப் பிறகு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். படித்து முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விளம்பரங்களையும் படித்தேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கையில், ஒரு சாயங்காலம் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அங்கே மதிய உணவு நேரம். தெருவில் திடீரென்று சண்டைச் சத்தம்.

"ஏட்டி, நீ என்ன பெரிய இவளா? ஒஞ் சைக்கிள நீயே வச்சுக்கோ!"

"போட்டி, ஒன் ஊருக்குப் போ!"

"இது எங்க அத்த வீடு. நான் என்னத்துக்குப் போணும்? நீ போ!"

மனைவி பேச்சை நிறுத்தினாள். "யாரு அது? நம்ம பிள்ளையா?"

"ஆமா."

"அந்த 'பெரிய இவளா' நீங்க சொல்லிக் குடுத்ததா?"

இல்லை. நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அது இந்தத் தெருவில் அவளாகவே சம்பாதித்தது. சண்டையை விலக்க அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நான் அவளை மறித்துக்கொண்டேன்.

"தடுக்காதீங்க," என்றாள் மனைவி போனில். "போன வெளிய நீட்டுங்க. செத்த நேரம் கேக்கேன்."

கம்பிக் கதவுக்கு வெளியே போனை நீட்டினேன். அங்கே ஆய்வகத்து உணவறையில், சாண்ட்விச் தின்கிற டச்சுக்காரர்கள் நடுவில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே என் மகள் மூச்சு விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு டச்சுச் சொல்கூட வரவில்லை. அக்காவும் அத்தானும் நானும் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

சாரல் சடசடவென்று பிடித்தது. இரண்டு பெண்களும் சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தார்கள். அக்கா ஒரே துண்டால் இரண்டு தலையையும் துவட்டினாள். அதற்குள் ஏதோ சொல்லிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"என்னாச்சு? சத்தத்தையே காணோம்?" என்றாள் மனைவி.

"சமாதானம் ஆயிட்டாங்க."

"அதுக்குள்ளயா?" என்றாள். அவள் குரலில் அவ்வளவு ஏமாற்றம்.