கேட்காமல் பேசிய பஞ்சாங்கம்

இன்று மத்தியானம் நம் சாட் ரூமிலிருந்து பஞ்சாங்கத்தை வெளியே தள்ளிவிட்டார்கள்.

நம் மெயில் குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ரூமில் 'பஞ்சாங்கம்' என்ற பெயரில் உட்கார்ந்திருப்பது ஆள் இல்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், டெலிபோன் லைனைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஒரு பாட். அதாவது, கேட்டால் தானாகப் பதில் சொல்லும் புரோகிராம்.

திதி என்று அடித்தால் திதி சொல்லும். ராகு காலம் என்று அடித்தால் ராகு காலம். கடல் தாண்டி இருப்பவர்களுக்கு ஏகாதசி என்றைக்கு என்று சொல்ல அங்கே பக்கத்து வீட்டு மாமியா இருக்கிறாள்?

எழுதியது நான்தான். பாடம் படித்தது ஹெல்ப் ஃபைலில். (குருதட்சிணை டெலிபோன் பில்லாகப் போய்க்கொண்டிருக்கிறது.)

அதில் ஒரு வரி மட்டும் நானாக ஆசைப்பட்டுச் சேர்த்தது. யார் ரூமுக்குள் வந்தாலும் பெயரைச் சொல்லி, "வாங்கோ, உட்காருங்கோ" என்று கூப்பிடும்.

வம்பு அந்த வரியில்தான்.

சாட் சர்வரை நடத்துகிறவர்களில் ஒருவர், எந்த ஊர்க்காரரோ தெரியாது, இங்கிலீஷில் சொன்னதன் சாரம் இது: பாட் தானாக முதலில் பேசக்கூடாது. கேட்டால்தான் பதில். அதுவும் அவர்களிடம் முன்பே அனுமதி வாங்கிய பாட் மட்டும். அந்த வரியை எடுத்துவிட்டு முறைப்படி விண்ணப்பித்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் பஞ்சாங்கத்துக்கு நிரந்தரத் தடை.

விதிமுறைகளை அப்புறம்தான் தேடிப் படித்தேன். என் வீட்டுக் கம்ப்யூட்டரில், என் வீட்டு டெலிபோனில் ஓடுவதற்கு இன்னொருவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (ரூம் அவர்களுடையது. வாசல் கோலம் மட்டும்தான் நம்முடையது போலிருக்கிறது.)

என்னோடு சேர்ந்து ரூமைப் பார்த்துக்கொள்கிற ரவி சாட்டில் வந்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், இப்போது சிங்கப்பூரில் வேலை.

"இன்னா மாமி, நம்ம பஞ்சாங்கத்தத் தூக்கிட்டானுங்களாமே?"

"ஆமாம்ப்பா. வாங்கோன்னு சொன்னது தப்பாம்."

"அந்த ஒத்த வரிய எட்த்துடுங்க. மேட்டர் ஓவர். ஜனம் திதி கேக்க வருது. உங்க உபசாரத்துக்கா வருது?"

"ஆத்துக்குள்ள ஒருத்தர் வரச்சே வாயை மூடிண்டு நிக்கச் சொல்றியா?"

"அது வூடு இல்ல மாமி, சர்வரு."

"வூடோ சர்வரோ, எனக்கு அது ஆம்தான்."

"சர்தான். அந்தாளு கைல சொல்லிப் பாருங்க. மால போட்டு அனுப்புவான்."

அந்த ஆளிடமே சொன்னேன். வந்தவரை வா என்று கூப்பிடாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய அவமரியாதை என்று, தெரிந்த இங்கிலீஷில் நீளமாக மெயில் எழுதினேன்.

பதில் ஒரே வரியில் வந்தது: "வந்தவர்களில் யார் உங்களிடம் வரவேற்பு கேட்டார்கள்?"

எனக்கு வந்த கோபத்தில் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. ஆபீஸிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"கபாலி கோயிலுக்குக் கிளம்பலையா?"

"மெஷினைத்தானே தடுப்பான்? என் கையைத் தடுக்க முடியாதே. நானே உக்காந்து எல்லாரையும் வாங்கோன்னு கூப்பிடப் போறேன்."

"சமைக்கறதும் நீ, வாசல்ல நிக்கறதும் நீ. அப்புறம் மெஷின் எதுக்கு?"

"அது திரும்பி வர வரைக்கும்தான்."

"அதுவரைக்கும் இந்த ஆத்துக்கு ஒரு ஃபோன் வராது." (காலையிலிருந்து லைன் கிடைக்காமல், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று அடையாற்றிலிருந்து என் நாத்தனார் ஆட்டோ பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.)

உட்கார்ந்தேன். பஞ்சாங்கத்தின் பெயரிலேயே வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். முதுகு வலி எடுத்தது. பலர் பதிலே சொல்லவில்லை. மெஷின்தானே என்று நினைத்திருப்பார்கள்.

விளக்கேற்றிவிட்டு வந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தாள். அமெரிக்காவில் இருப்பவள், இந்தக் குழுவில் இல்லை. பெயர் வேண்டாம்.

"வாங்கோ, உட்காருங்கோ" என்று அடித்தேன்.



பிறகு, "திதி" என்று மட்டும் வந்தது.

"இன்னிக்கு திரயோதசி. பிரதோஷம். பக்கத்தில் கோயில் இருந்தால் போயிட்டு வாங்கோ."

"இன்னிக்கு இல்லை. நேத்து கார்த்தால மெட்ராஸ்ல என்ன திதி? அப்பா போயிட்டார். எனக்கு டிக்கெட் கிடைக்கலை. ஆத்துல கேக்கலாம்னா ஃபோனை எடுக்கறவா எல்லாரும் அழறா."



துக்கம் விசாரிக்க வருகிறவரைக்கூட நாம் வா என்று சொல்வதில்லை. நான் அப்பாவைப் பறிகொடுத்தவளை உபசாரம் பண்ணி உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

"துவாதசி. கிருஷ்ண பட்ச துவாதசி" என்று மட்டும் அடித்தேன். பேசுவது மெஷின் இல்லை, நான்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மெஷின் சொன்னதாகவே இருக்கட்டும், அவளுக்கு அவ்வளவாக வலிக்காது.

போயிட்டு வரேன் என்று சொல்லாமல் போனாள். துக்கத்தில் அப்படிச் சொல்லக்கூடாது. அத்தனை தூரத்தில் தனியாக இருந்தும் அவள் முறை தவறவில்லை.

வாசலில் நிற்கும்போது வருகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறோம். இங்கே யாருக்கும் முகம் இல்லை. இது புரோகிராம் எழுதும்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வரியை எடுத்துவிட்டேன். 'இது தானாக முதலில் பேசாது' என்று எழுதி விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டேன். அந்த ஆள் கேட்டது நியாயமான கேள்விதான். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள இன்றைக்குத் தெம்பு இல்லை.

விண்ணப்பம் வரிசையில் இருக்கிறதாம். வாரக்கணக்கில் ஆகலாமாம்.

அதுவரை திதியோ ஏகாதசியோ வேண்டியவர்கள் என்னையே கேளுங்கள். வீட்டில் சாப்பாட்டுக் கடை முடிந்து மத்தியானம் ரூமில் இருப்பேன்.

உள்ளே வந்ததும் மாமி ஒன்றும் சொல்லவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நீங்கள் முதலில் பேசுங்கள்.