கோட்டையில் அம்மா எண்ணியது

அப்பா, அம்மா, அக்கா, நான். அந்தக் கோடை ஞாயிறுகளில் நாங்கள் குடியேறியிருந்த புருசெத்திலிருந்து பஸ்ஸில் போய், டென்மார்க் ராசா காலத்துச் சண்டையை நடித்துக்காட்டும் எல்லைக் கோட்டையில் ஊர்ச்சனமாக வேடமிட்டு நின்றோம். இப்போது அங்கே அதை நடத்துவதில்லை. இன்றைக்கு ரயிலில் யாருடையதோ நனைந்த கம்பளிக் கோட்டு மணத்தபோது, அந்த இரவல் உடுப்பின் சொறிச்சலும், வேலைக்களைப்பில் கல்லில் குந்தியபடியே அப்பா தூங்குவதும் நினைவுக்கு வந்தன.

பீரங்கியில் வெறும் வெடிமருந்துதான், குண்டு இல்லை. ஆனாலும் அது வெடித்ததும் அம்மா எங்கள் கைகளை இறுக்கிப் பிடித்து எண்ணத் தொடங்குவார். யாழ்ப்பாணத்தில் ஷெல் புறப்படும் சத்தம் கேட்டால், அது விழும்வரை அப்படித்தான் எண்ணுவார்களாம். நாற்பது எண்ணியும் விழாவிட்டால் தப்பியாச்சாம்.

"அம்மா, உது விழாது. சும்மா புகை," என்றாள் அக்கா.

"விழுந்தாப் பிறகு கதை."

அப்பா கண் திறக்காமலே, "விடு பிள்ளை, அவ எண்ணட்டும்," என்றார்.

கடைசி ஞாயிறு, அம்மா கையை விடும்வரை நானும் எண்ணினேன். நாற்பத்தொன்று.