வலப்பக்கம் திருப்பச் சொன்னபோது

விமானம் ஓட்டிப் பழகப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மேலை நிண்டு பாத்தா இந்தியா தெரியுமோ?" விழுந்து தொலைவேனோ என்ற பயம்கூட அவருக்கு வரவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானும் அவர் பெற்ற பிள்ளைதானே!

முந்தின வருடம் ஆடி மாதம், எங்கள் ஊர் மயிலிட்டியிலிருந்து தனியே மீன்பிடித் தொழிலுக்குப் போன அண்ணை திரும்பி வரவில்லை. தெற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்றுக் காலம் அது. காற்று வள்ளத்தை வடக்கே கொண்டுபோய் இந்தியக் கரையில் விட்டிருக்கும், அங்கே பிடித்து மறியலில் அடைத்து வைத்திருப்பார்கள் என்று ஊரே சொன்னது. அப்படிப் போய் ஆறு மாதம் கழித்து வந்து நின்றவர்களும் உண்டு. தேடப்போன வள்ளங்கள் எல்லாம் வடக்கேதான் போயின. செத்தவீட்டுச் சடங்கு எதையும் அம்மா செய்ய விடவில்லை. அண்ணி ஒவ்வொரு நாளும் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துக் குசுகுசுத்தவர்களும் இருந்தார்கள், நாசமாய்ப் போவார்கள்.

எனக்குப் பலாலி விமான நிலையத்தில் பொதி நிறுக்கிற வேலை. கொழும்பில் விமானம் பழக்குகிற எங்களூர் ஆள் ஒருவர், எண்பத்து மூன்று பங்குனியில், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். டொக்டர்மாரின் பிள்ளைகளுக்குப் பழக்கத்தான் வந்தவர். அவருக்கு ஓடித்திரிந்து உதவி செய்ததற்காக, "வாரும், உமக்கும் ஒரு பாடம்" என்று ஒரு காலையில் என்னை ஏற்றிக்கொண்டார்.

விமானம் எழும்பியது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பனங்காணிகள். சுக்கானை என்னிடம் தந்துவிட்டு, "வலப்பக்கம் திருப்பும், கரைப்பக்கம் போவம்" என்றார்.

பத்து வயதில் வள்ளத்துச் சுக்கான் பிடித்த கை இது. அங்கே சுக்கான்கட்டையை இடப்பக்கம் தள்ளினால்தான் வள்ளம் வலப்பக்கம் போகும். கை யோசிக்கவில்லை, இடப்பக்கம் திருப்பிவிட்டது. விமானம் சரிந்து நேரே கடலுக்கு மேலே போனது.

"என்ன காணும் செய்யிறீர்!" என்று கத்தினார். பிறகு சிரித்துவிட்டு, "சரி, பயப்பிடாதையும். உந்தப் பக்கத்தாலேயே வட்டமடியும்" என்றார்.

வட்டமடிக்கும்போது என் பக்கம் தாழ்ந்திருந்தது. பங்குனிக் கடல், அசைவே இல்லை. கல்லும் மணலும் பாசியும் தெளிவாகத் தெரிந்தன. அந்த மணலில் மஞ்சளாக ஒன்று இருந்தது.

எங்கள் வள்ளம். உள்பக்கத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தவன் நான்தான். வேறொருவரும் அப்படி அடிப்பதில்லை என்று அண்ணை ஏசினபடியால் எனக்கு அது மறக்காது. கவிழவுமில்லை, உடையவுமில்லை. தண்ணீருக்கு அடியில் நிமிர்ந்து, முன்பக்கம் ஊரைப் பார்த்தபடி, கரைக்கு வந்துகொண்டிருப்பது போலவே இருந்தது. எங்கள் விமானத்தின் நிழல் அதன்மேல் ஏறி இறங்கிப் போனது. துறைமுகம் கூப்பிடு தூரத்தில் தெரிந்தது. ஒன்பது மாதமாக எல்லோரும் அதற்கு மேலேதான் போய் வந்திருக்கிறார்கள். நானும்தான்.

"பிளேனின்ரை மூஞ்சையைத் தூக்கும், விழுத்தப்போறீர்!" என்றார் அவர். பிறகு அவரே சுக்கானை வாங்கிக்கொண்டார். எப்படி இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை.

வீட்டில் அம்மாவும் அண்ணியும் வாசல் படலையடியில் நின்றார்கள். சாப்பிடும்வரை பொறுத்தார்கள். பாரைமீன் குழம்பு. அது என்ன தின்று வளர்ந்ததோ என்று நினைத்து, மீனை ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"இந்தியா தெரிஞ்சதோ தம்பி?" என்று அம்மா கேட்டார்.

அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது?

"ஓம் அம்மா, தெரிஞ்சது."

"கிட்டவோ?"

"கிட்டத்தான்."

"அப்ப அங்கை நிண்டு பாத்தா அவருக்கும் எங்கடை கரை தெரியும், என்ன மாமி?" என்றார் அண்ணி. அம்மா சிரித்தார். அந்த வீட்டில் மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு.

நான் பார்த்தது உண்மைதானா என்று முக்குளித்துப் பார்த்திருக்கலாம். மூன்று முறை தோணி எடுத்துக்கொண்டு போனேன். மூன்று முறையும் அந்த இடத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டேன். பயம்தான், வேறென்ன. மேலேயிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரிந்த கடலில், தோணியில் இருந்து பார்த்தால் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது பாடத்துக்கு நான் போகவில்லை. அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பழக்குவதற்கும் ஒருவரும் வரவில்லை.

தொண்ணூறில் ஆமியின் ஷெல்லடி தாங்காமல் ஊரே இடம்பெயர்ந்தது. சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி, அம்மாவையும் ஏற்றிவிட்டேன். ஒழுங்கையில் சனம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மட்டும் திரும்ப உள்ளே போய், அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டோடு வந்தார்.

"தம்பி, அவர் வந்தா எங்களை எங்கையெண்டு தேடுவார்? என்ரை எழுத்து வடிவில்லை. நீங்கள் எழுதுங்கோ."

முன்சுவரில் எழுதினேன். நாங்கள் போகிற இடம் வட்டுக்கோட்டை, எந்த ஒழுங்கை, யாருடைய வீடு, எல்லாம்.

"இன்னும் பெரிசா எழுதுங்கோ. எட்டு வருசமாச்சு, அவருக்கு இப்ப கண்ணும் மங்கியிருக்கும்."

கரி தேய்ந்து விரல் சுவரில் உரசும்வரை, அதே எழுத்துகளின் மேல் திரும்பத் திரும்ப எழுதினேன்.