ஐஸ் பெட்டியில் மீன் கருக்கள்

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். நான் மீன் கருக்களில் ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் வீட்டில் மீன் என்றால் முதல் வேலை ஐஸ் போடுவது. அந்தப் பழக்கம்தான் என் படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தது.

கடுகளவு கருவில் எது முதுகு, எது வயிறு என்று எப்படி முடிவாகிறது? ஒரு ஓரத்திலிருந்து ஒரு புரதம் கசிந்து பரவுகிறது. அங்கே அடர்த்தி அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு. ஒவ்வொரு செல்லும் தனக்குக் கிடைத்த அளவைப் பார்த்துத்தான் என்னவாக வளர்வது என்று தீர்மானிக்கிறது. அந்தப் புரதம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று அளப்பது என் வேலை. அதைப் பச்சையாக ஒளிர வைத்து, ஒரு சின்ன இடத்தை மட்டும் லேசரால் அணைத்துவிட்டு, சுற்றியுள்ள பச்சை எப்போது வந்து நிரப்புகிறது என்று பார்ப்பேன்.

மற்றவர்கள் அளந்ததைவிட எனக்குக் கிடைத்த வேகம் வெகுவாகக் குறைவாக இருந்தது. "புதுசா இருக்கே" என்று என் ஆய்வு வழிகாட்டி மகிழ்ந்தார். ஒரு வாரம் என் கால் தரையில் படவில்லை.

மைக்ராஸ்கோப் வேறு கட்டடத்தில் இருந்தது. கருக்களைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து அங்கே கொண்டுபோவேன். ஒருநாள் என் முறைக்காகக் காத்திருந்தபோது, கூடப் படிக்கிறவள் என் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தாள்.

"ஐஸ் பேக் எதுக்குப்பா?"

"மீனாச்சே!" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. இந்தக் கருக்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்பவை. குளிரில் எல்லாமே மந்தமாகும், புரதம் பரவுவதும்தான். ஐஸ் வைக்கும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் கை தானாக வைத்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன்.

"உசுரோட கீறதுக்கு எவனாச்சும் ஐஸு போடுவானாடி? செத்ததுக்குத்தான் ஐஸு. இம்மாம் படிச்சி இன்னா பிரயோசனம்?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

மறுநாள் வழிகாட்டியிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "அடுத்த மாச ரிவ்யூக்குள்ள எல்லாத்தையும் திரும்ப அளந்து காட்டு. இல்லேன்னா இந்தத் தலைப்பு உன் சீனியருக்குப் போயிடும்."

விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஆய்வகத்தில் காலையில் விளக்கைப் போட்டதும் மீன்கள் முட்டையிடும். அதற்கு முன்பே நான் அங்கே இருந்தாக வேண்டும். தினமும் தண்டையார்பேட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கருக்களை வெதுவெதுப்பாகவே வைத்து, ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாருக்கும் வந்த அளவுதான் எனக்கும் வந்தது.

"அப்போ புதுசா ஒண்ணும் இல்ல" என்றார் வழிகாட்டி ரிவ்யூவில்.

"இருக்கு சார். ஐஸ்ல இருந்த கருக்களை நான் தூக்கிப் போடல, வளர்த்தேன். புரதம் மெதுவாத்தான் பரவிச்சு. ஆனா முதுகும் வயிறும் வர வேண்டிய இடத்துலயே வந்திருக்கு. எப்படி சார்?"

"தெரியலையே" என்றார் அவர்.

"எனக்கும் தெரியல. தலைப்பை யாருக்குக் கொடுத்தாலும் சரி, இதைக் கண்டுபிடிக்காம நான் விட மாட்டேன்." சொல்லி முடித்தும் நான் உட்காரவில்லை.

வழிகாட்டி தலைப்பைப் பதியும் படிவத்தை என் பக்கம் தள்ளினார். ஆய்வாளர் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. குனிந்து, என் பெயரை அழுத்தி எழுதினேன்.